செட் என்று தெரியாத வீடுகள்: கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவின் வாழ்வு

ஒரு படம் பிடித்துவிட்டால் நடித்தவர் யார் என்று கேட்கிறோம். பாட்டு நன்றாக இருந்தால் பாடியவர் யார், இசையமைத்தவர் யார் என்று தேடுகிறோம். அந்த நடிகர் சாய்ந்து நின்ற சுவரைக் கட்டியது யார், அதில் மழைநீர் வடிந்த கறை எப்படி வந்தது என்று கேட்பவர் அநேகமாக இல்லை. வீடு ஏற்கெனவே அங்கே இருந்தது, கேமராவைக் கொண்டுபோய் வைத்தார்கள் என்றே நினைத்துக்கொள்கிறோம்.

அப்படி நாம் நினைக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அவர் பெயர் பன்சி சந்திரகுப்தா. சத்யஜித் ரேயின் புகழ்பெற்ற வங்காளப் படங்களுக்கும், பின்னர் பம்பாயில் எடுக்கப்பட்ட பல இந்திப் படங்களுக்கும் அவர் கலை இயக்குநர். 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில் நாம் பார்த்த 1856ஆம் ஆண்டு லக்னோவும், 'சக்ரா'வில் பார்த்த பம்பாய் குடிசைப்பகுதியும் அவர் கைவண்ணம். படங்களைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். அவர் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

சியால்கோட்டிலிருந்து ஸ்ரீநகருக்கு

பன்சி சந்திரகுப்தா 1924இல் சியால்கோட்டில் பிறந்தார். அல்லாமா இக்பால் பிறந்த அதே ஊர். அப்போது அது பிரிக்கப்படாத பஞ்சாபில் இருந்தது. குடும்பம் காஷ்மீருக்குக் குடிபெயர, அவர் வளர்ந்தது ஸ்ரீநகரில். மரத்தில் நுணுக்கமாகச் செதுக்குவது, காகிதக்கூழில் பெட்டி செய்து அதன்மேல் வண்ணம் தீட்டுவது, கம்பளம் நெய்வது என்று கைத்தொழிலிலேயே வாழும் நகரம் அது. பிள்ளைப் பருவத்திலேயே கைவினைஞர்களை அருகில் பார்க்கும் வாய்ப்பு அந்த ஊரில் யாருக்கும் கிடைக்கும்.

1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் நாட்டைப் பற்றிக்கொண்டபோது அவர் கல்லூரிப் படிப்பை விட்டார். ஓவியராக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. காஷ்மீருக்கு வந்திருந்த வங்காள ஓவியர் சுபோ தாகூரின் நட்பு கிடைத்தது. ஓவியம்தான் வாழ்க்கை என்றால் கல்கத்தாவுக்கு வா என்று அவர் தூண்டினார். இளைஞர் கிளம்பிவிட்டார்.

1947இல் நாடு பிரிந்தது. பிறந்த சியால்கோட் பாகிஸ்தானில் சேர்ந்தது. வளர்ந்த காஷ்மீரில் போர் மூண்டது. கல்கத்தாவில் அவர் மொழி வேறு, ஊர் வேறு, உறவு எதுவுமில்லாத மனிதர். ஆனால் பிற்காலத்தில் ஒரு வங்காளக் கிராமத்து அடுக்களை எப்படி இருக்கும் என்பதை வங்காளிகளே வியக்கும்படி காட்டியவர் இந்தப் பஞ்சாபிதான். வெளியூரிலிருந்து வந்தவருக்கு எதுவும் பழகிப்போனதாக இருக்காது. எல்லாவற்றையும் உற்றுப் பார்த்தாக வேண்டும். அந்தப் பார்வையே அவருக்குத் தொழிலாயிற்று.

நதிக்கரையில் கற்ற பாடம்

1947ஆம் ஆண்டிலேயே கல்கத்தா திரைப்படக் கழகம் தொடங்கப்பட்டது. சத்யஜித் ரே, சிதானந்த தாஸ்குப்தா ஆகியோருடன் பன்சியும் அதில் இருந்தார். உலக நாடுகளின் நல்ல படங்களை வரவழைத்துப் பார்ப்பார்கள், நள்ளிரவு வரை விவாதிப்பார்கள். ரே அப்போது ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியர். பன்சி சினிமாவில் சின்னச் சின்ன வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைய ஸ்டுடியோக்களில் செட் என்றால் பெரும்பாலும் கித்தான் துணியில் தீட்டிய பின்னணித் திரைகளும் பளபளக்கும் சுவர்களும்தான். ஏழையின் வீடாக இருந்தாலும் மூலைகள் சுத்தமாக இருக்கும். பணக்காரர் வீடு என்றால் வளைந்து இறங்கும் படிக்கட்டு ஒன்று கட்டாயம்.

1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' என்ற படத்துக்காகக் கல்கத்தாவுக்கு வந்தார். ஹூக்ளி நதிக்கரையில் எடுக்கப்பட்டு 1951இல் வெளிவந்த வண்ணப்படம் அது. அதன் அரங்க வடிவமைப்பாளர் யூஜின் லூரியே. அவருக்குக் கீழே வேலை செய்யும் வாய்ப்பு பன்சிக்குக் கிடைத்தது. உண்மையான இடத்தை முதலில் போய்ப் பார், அதன் அளவுகளையும் வெளிச்சத்தையும் புரிந்துகொள், பிறகு கட்டு என்ற முறையை அங்கே அவர் நேரில் கண்டார். அந்த ஒரு படம் அவருடைய தொழில் வாழ்க்கையின் திசையை முடிவு செய்தது.

பாழடைந்த வீட்டில் ஒரு குடும்பம்

1952இல் ரே 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கினார். கையில் பணம் இல்லை. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு வயது இருபத்தொன்று. அதுவரை ஒரு படத்துக்கும் ஒளிப்பதிவு செய்யாதவர். அந்தக் குழுவில் ஸ்டுடியோ வேலையில் பழகிய சிலருள் பன்சியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

கல்கத்தாவை ஒட்டிய போரால் கிராமத்தில் ஒரு சிதிலமடைந்த வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். இடிந்த வீடு கிடைத்துவிட்டதே, கலை இயக்குநருக்கு இனி என்ன வேலை என்று தோன்றலாம். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்கியது. ஆளில்லாமல் பாழான வீடு வேறு, வறுமையால் பாழான வீடு வேறு. முன்னதில் காடு மண்டியிருக்கும். பின்னதில் ஒரு தாய் தினமும் கூட்டிப் பெருக்குவாள், பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்ப்பாள். சுவர் இடிந்திருந்தாலும் அடுப்படி மெழுகியிருக்கும். அந்த வேறுபாடு படத்தின் ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. வறுமை இருக்கிறது, மானமும் இருக்கிறது.

பகல் காட்சிகளைக் கிராமத்தில் எடுத்தார்கள். இரவுக் காட்சிகளை ஸ்டுடியோவில் எடுக்க வேண்டியிருந்தது. அதனால் அதே வீட்டின் உட்புறத்தை ஸ்டுடியோவிலும் உருவாக்க வேண்டும். பகலில் போராலில் உள்ளே நுழையும் பாத்திரம் இரவில் கல்கத்தா ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே சுவராகத் தெரிய வேண்டும். பணம் தீர்ந்து படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்று போனது, கடைசியில் மேற்கு வங்க அரசின் உதவியுடன் முடிந்தது. 1955இல் படம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. உலகம் ரேயின் பெயரைக் கற்றுக்கொண்டது.

வானத்தையும் கட்டியவர்

அடுத்த படமான 'அபராஜிதோ'வில் குடும்பம் காசிக்குக் குடியேறுகிறது. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி அறைகள் என்று அமைந்த பழைய காசி வீடு. இந்த வீட்டை பன்சி ஸ்டுடியோவுக்குள் கட்டினார்.

இங்கே ஒரு சிக்கல். மேலே திறந்திருக்கும் முற்றத்தில் வெயில் நேராக விழாத நேரத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் மென்மையாகப் பரவும். நிழல் கூர்மையாக விழாது. ஸ்டுடியோ விளக்குகளோ ஆளுக்கு நாலு நிழல் விழவைக்கும். எவ்வளவு நல்ல சுவர் கட்டினாலும் அந்த நிழல்கள் இது செட் என்று காட்டிக் கொடுத்துவிடும். சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வானத்து வெளிச்சம்போல் இறங்கியது. இந்திய ஒளிப்பதிவில் இது ஒரு பெரிய திருப்பம் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அந்த வெளிச்சம் விழுவதற்கு ஏற்ற சுவரைக் கட்டிக் கொடுத்தவர் பன்சி. பூச்சின் சொரசொரப்பு, காரை பெயர்ந்த இடம், படியின் தேய்மானம் எல்லாம் அந்த மென்மையான ஒளியில் தப்பாமல் தெரியும். பொய் இருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

1958இல் வந்த 'ஜல்சாகர்' நொடித்துப்போன ஒரு ஜமீன்தாரின் கதை. முர்ஷிதாபாத் மாவட்டத்தின் நிம்திதா என்ற ஊரில் நதிக்கரையில் நின்ற பழைய மாளிகையில் வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்டன. கதையின் உயிர் இருப்பதோ இசை மண்டபத்தில். அதை பன்சி கல்கத்தா ஸ்டுடியோவில் கட்டினார். உஸ்தாத் விலாயத் கான் இசையமைத்த அந்தப் படத்தில் பேகம் அக்தர் பாடுகிறார், உஸ்தாத் பிஸ்மில்லா கான் ஷெனாய் வாசிக்கிறார். அப்படிப்பட்டவர்கள் வந்து அமர்வதற்குத் தகுதியான மண்டபமாக அது இருக்க வேண்டும். அதே சமயம் அதன் செல்வம் கரைந்துகொண்டிருப்பதும் தெரிய வேண்டும். தொங்கும் சரவிளக்கும் பெரிய கண்ணாடியும் முன்னோர்களின் படங்களும் அந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்கின்றன.

1963இல் 'மகாநகர்' வந்தது. மாமனார், மாமியார், கணவன், மனைவி, நாத்தனார், பிள்ளை என எல்லோரும் நெருக்கியடித்து வாழும் சிறிய வீடு. அங்கே ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாமல் இருக்காது. மருமகள் வேலைக்குப் போவதா என்ற பேச்சு எழும்போது அந்த நெருக்கமே பாதி கதையைச் சொல்லிவிடுகிறது. மறு ஆண்டு 'சாருலதா'. 1879ஆம் ஆண்டு கல்கத்தாவின் ஒரு செல்வந்தர் வீடு. இங்கே இடத்துக்குக் குறைவில்லை, பேசத்தான் ஆளில்லை. தனிமையில் இருக்கும் மனைவி ஜன்னலுக்கு ஜன்னல் போய்ச் சட்டங்களின் இடுக்கு வழியாகத் தெருவைப் பார்க்கும் தொடக்கக் காட்சியை யாரும் மறக்க முடியாது. அந்த வீட்டின் உள்ளறைகள் ஸ்டுடியோவில் எழுப்பப்பட்டவை.

1966இல் வந்த 'நாயக்' கல்கத்தாவிலிருந்து டில்லி செல்லும் ரயிலில் நடக்கிறது. உத்தம் குமாரும் ஷர்மிளா தாகூரும் பேசிக்கொள்ளும் அந்தப் பெட்டி ஓடியதே இல்லை. பன்சி ஸ்டுடியோவில் செய்து நிறுத்திய பெட்டி அது. ஜன்னலுக்கு வெளியே ஓடுவது திரையில் விழும் படம். பார்ப்பவர்களுக்கு அது ரயிலாகவே இருந்தது.

கலை இயக்குநரின் வேலை என்ன?

நம்மில் பலர் கலை இயக்குநர் என்றால் அலங்காரம் செய்பவர் என்று நினைக்கிறோம். அவருடைய வேலை கதையைப் படிப்பதில் தொடங்குகிறது. இந்தக் குடும்பத்துக்கு மாத வருமானம் எவ்வளவு? இந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருடம் ஆகிறது? கடைசியாக வெள்ளையடித்தது எப்போது? யார் எந்த மூலையில் உட்காருவார்? இவற்றுக்கெல்லாம் விடை தெரிந்த பிறகுதான் வரைபடம். பிறகு தச்சர், பூச்சு வேலை செய்பவர், வண்ணம் தீட்டுபவர் என்று ஒரு கூட்டத்தையே வைத்து வேலை வாங்க வேண்டும். கேமரா நகர்வதற்காகச் சில சுவர்களைக் கழற்றி மாட்டும்படி அமைக்க வேண்டும்.

கடைசி வேலைதான் கடினமானது. புதிதாகக் கட்டியதைப் பழையதாக்க வேண்டும். விளக்கு மாடத்துக்கு மேலே புகைக்கறை. கதவைப் பிடித்துத் தள்ளும் இடத்தில் கை அழுக்கு. தினமும் ஒருவர் முதுகு சாயும் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. நம் பாட்டி வீட்டுச் சுவர்களை நினைத்துப் பார்த்தால் இது புரியும். ஐம்பது வருட வாழ்க்கை தானாக உண்டாக்கியதை இவர் ஐந்து நாளில் உண்டாக்க வேண்டும்.

இந்தி சினிமாவில் இன்னொரு பெரிய மரபும் இருந்தது. 1960இல் வந்த 'முகலே ஆசம்' படத்துக்காக எம்.கே. சையத் அமைத்த ஷீஷ் மஹால் அதற்குச் சிகரம். ஆயிரமாயிரம் கண்ணாடித் துண்டுகள் பதித்த அந்த அரங்கைக் கட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. பார்ப்பவர் வாய்பிளந்து வியக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம், அதில் அது முழு வெற்றி பெற்றது. பன்சியின் பாதை அதற்கு எதிர்த்திசையில் போனது. பார்ப்பவர் செட்டைக் கவனிக்கவே கூடாது, அங்கே வாழ்பவரை மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டும் கலைதான். முதல் வகைக்குக் கைதட்டல் கிடைக்கும். இரண்டாம் வகையில் வேலை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது கண்ணில் படாமல் போகும்.

பம்பாய்க்குப் பயணம்

வங்காள சினிமா சிறிய சந்தை. உலகப் புகழ் பெற்ற படங்களும் சிக்கனமான செலவில்தான் எடுக்கப்பட்டன. தேசிய விருதுகளில் கலை இயக்கத்துக்கென்று தனி விருது 1970களின் இறுதி வரை கிடையாது. 1970ஐ ஒட்டி பன்சி பம்பாய்க்கு இடம் மாறினார். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து உழைத்த குழுவை விட்டுவிட்டு, புதிய ஊரில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

பம்பாயில் அவர் இரண்டு உலகங்களில் வேலை செய்தார். ஒன்று வழக்கமான வணிகப் படங்கள். 'சீமா' படத்துக்கும் 'தோ ஜூட்' படத்துக்கும் கலை இயக்கத்துக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருக்குக் கிடைத்தது. ரேயின் படங்களை அறிந்தவர்கள்கூட இந்த இரண்டு படங்களின் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

மற்றொன்று அப்போது எழுந்துகொண்டிருந்த புதிய இந்தி சினிமா. குமார் ஷஹானியின் 'மாயா தர்ப்பண்', அவ்தார் கவுலின் '27 டவுன்' போன்ற படங்களில் இளம் இயக்குநர்களுடன் வேலை செய்தார். '27 டவுன்' ஒரு ரயில்வே ஊழியரின் கதை. பெரும்பகுதி உண்மையான ரயில்களிலும் நிலையங்களிலும் எடுக்கப்பட்டது. நாயக்கில் ஓடாத ரயிலை ஓடவைத்தவர், இங்கே ஓடும் ரயிலுக்குள்ளேயே படத்துக்கு வேண்டிய உருவத்தைத் தேடினார். இத்தகைய படங்களில் பணம் குறைவு. ஆனால் ஒரு சுவர் ஏன் இப்படி இருக்க வேண்டும் என்று பேசுவதற்கு ஆள் இருந்தார்கள்.

லக்னோவின் அறைகள்

1977இல் ரே தம் முதல் இந்தி முழுநீளப் படத்தை எடுத்தார். பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவிய 'சத்ரஞ்ச் கே கிலாடி'. பன்சி மீண்டும் ரேயுடன் சேர்ந்தார்.

கதை நடப்பது 1856இல். அவத் அரசைக் கிழக்கிந்தியக் கம்பெனி விழுங்கப்போகிறது. நவாப் வாஜித் அலி ஷாவிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டிய பொறுப்பு ஜெனரல் அவுட்ராமுக்கு. இதற்கிடையே மிர்சா, மீர் என்ற இரண்டு பிரபுக்கள் எதையும் கண்டுகொள்ளாமல் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சஞ்சீவ் குமார், சயீத் ஜாஃப்ரி, அம்ஜத் கான், ஷபானா ஆஸ்மி, ரிச்சர்ட் அட்டன்பரோ என்று பெரிய நடிகர் பட்டாளம்.

அதுவரை இந்தித் திரையில் லக்னோ என்றால் ஓர் அச்சு இருந்தது. 'சௌத்வீன் கா சாந்த்', 'மேரே மெஹ்பூப்' போன்ற படங்கள் மக்களின் மனத்தில் பதித்த அச்சு. வளைவுகள், திரைச்சீலைகள், சரவிளக்குகள், முகத்திரை, கஜல். அவற்றுக்கென்று ஓர் அழகு உண்டு. ஆனால் முஸ்லிம் வீடு என்றாலே கனவு மாளிகை என்ற எண்ணம் அதனால் படிந்துபோனது. அந்த வீட்டில் யாரோ சமைக்கிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள், கணவனுக்காகக் காத்திருந்து சலிக்கிறார்கள் என்பது மறைந்துபோனது.

'சத்ரஞ்ச் கே கிலாடி'யில் மிர்சாவின் அறை அப்படிப்பட்டதல்ல. செல்வம் இருக்கிறது, ஆனால் அது புழங்கிப் பழகிய செல்வம். விரிப்பு, திண்டு, ஹுக்கா, சதுரங்கப் பலகை எல்லாம் தினமும் கை படுகிற பொருள்களாகவே தெரிகின்றன. ஆண்கள் ஆடும் கூடத்துக்கும் மனைவி காத்திருக்கும் உள்ளறைக்கும் இடையே உள்ள தூரம் அந்தத் திருமணத்தின் நிலையைச் சொல்கிறது. மனைவி காய்களை ஒளித்துவைத்துவிட, இருவரும் காய்கறிகளைக் காய்களாக வைத்து ஆடத் தொடங்கும் காட்சியில் நாம் சிரிக்கிறோம். அரசு பறிபோகும் நேரத்தில் இப்படி ஒரு விளையாட்டா என்ற வருத்தமும் கூடவே வருகிறது. நவாபின் தர்பார் ஒரு பக்கம், அவுட்ராமின் அலுவலக அறை மறுபக்கம். இரண்டு அறைகளையும் மாறி மாறிப் பார்க்கும்போது இரண்டு நாகரிகங்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளவில்லை என்பது வசனம் இல்லாமலே விளங்குகிறது.

வாஜித் அலி ஷாவைப் படம் காட்டிய விதம் குறித்து அப்போது கடும் விவாதம் எழுந்தது. அவரைக் கேளிக்கையில் மூழ்கியவராகக் காட்டியது கம்பெனியின் பழியை ஏற்றுக்கொள்வதுபோல ஆகாதா என்று கேட்டவர்கள் உண்டு. ரேயும் எழுத்தில் பதில் சொன்னார். அந்தக் கேள்வி இன்றும் கேட்கத் தகுந்ததே. திரைக்கதை பற்றிய அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். பன்சி கட்டிய அறைகள் அந்தக் காலத்து மனிதர்களைக் கேலிப்பொருளாக்கவில்லை. அவர்களின் ரசனைக்கும் மரியாதைக்கும் உரிய இடத்தைக் கொடுத்தன.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நாட்டை இழந்த வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்கு வந்து, நகரின் ஓரத்தில் மட்டியாபுர்ஜில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1887இல் அங்கேயே காலமானார். இழந்த லக்னோவின் சாயலை அங்கே உருவாக்க அவர் முயன்றார். அதே கல்கத்தாவின் ஸ்டுடியோவில் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அவருடைய லக்னோவின் அறைகள் மரத்திலும் பூச்சிலும் மறுபடி எழுந்தன.

ஒரே ஆண்டில் நான்கு வீடுகள்

1981ஆம் ஆண்டு வெளிவந்த படங்களைப் பார்த்தால் இந்த மனிதரின் வீச்சு புரியும்.

மிர்சா ஹாதி ருஸ்வாவின் உருது நாவலை வைத்து முஸஃபர் அலி இயக்கிய 'உம்ராவ் ஜான்'. மன்சூருடன் பன்சியும் கலைப்பணியில் பங்கேற்ற படம். கடத்திவந்து விற்கப்பட்ட ஒரு சிறுமி வளரும் லக்னோ கோட்டா அதன் களம். வெளியே அலங்காரம் நிறைந்த அந்த இடம் உள்ளே ஒரு சிறை.

ஷியாம் பெனகலின் 'கல்யுக்'. மகாபாரதக் கதையை இன்றைய தொழிலதிபர் குடும்பங்களுக்குள் கொண்டுவந்த படம். பணம் கொழிக்கும் நவீன வீடுகள்.

அபர்ணா சென்னின் '36 சௌரங்கி லேன்'. கல்கத்தாவில் தனியாக வாழும் வயதான ஆங்கிலோ இந்திய ஆசிரியை ஒருவரின் கதை. பழைய பொருள்களும் ஒரு பூனையும் மட்டுமே துணையாக உள்ள சிறிய வீடு. இது ஆங்கிலப் படம்.

ரவீந்திர தர்மராஜின் 'சக்ரா'. ஸ்மிதா பாட்டீலும் நஸீருத்தீன் ஷாவும் நடித்தது. பம்பாய் குடிசைப்பகுதியில் ஒரு தாயும் மகனும் பிழைக்கப் போராடும் கதை. தகரம், சாக்கு, பிளாஸ்டிக் தாள், கழிவுநீர் ஓடும் சந்து. இங்கே அழகு காட்ட முடியாது. பரிதாபத்தைக் கூட்டிக் காட்டவும் கூடாது. அந்தக் குடிசையிலும் ஒருத்தி குடும்பம் நடத்துகிறாள் என்பது தெரிய வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் போரால் கிராமத்து இடிந்த வீட்டில் கற்ற அதே பாடம்.

நவாப் காலத்துக் கோட்டா, தொழிலதிபர் மாளிகை, முதிய ஆசிரியையின் அறைகள், குடிசை. நான்கிலும் ஒரே கை இருந்தது என்று எந்தப் படத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு வீடும் அதில் வாழ்பவருக்கே சொந்தமாக இருந்தது.

முடிவு

1981 ஜூன் மாதம் பன்சி சந்திரகுப்தா அமெரிக்காவில் நியூயார்க் சென்றிருந்தார். அங்கே மாரடைப்பால் காலமானார். வயது 57. சியால்கோட்டில் பிறந்து, ஸ்ரீநகரில் வளர்ந்து, கல்கத்தாவிலும் பம்பாயிலும் மற்றவர்களுக்காக எண்ணற்ற வீடுகளைக் கட்டியவரின் வாழ்வு தொலைதூர நாடொன்றில் முடிந்தது. 'சக்ரா'வுக்காக மூன்றாவது ஃபிலிம்ஃபேர் விருது 1982இல் அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அவர் கட்டிய எதுவும் இன்று நிற்கவில்லை. செட் என்பது படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துப் போடப்படுவது. ஆணியும் பலகையும் அடுத்த படத்துக்குப் போய்விடும். காசி வீட்டு முற்றமும் ஜமீன்தாரின் இசை மண்டபமும் மிர்சாவின் அறையும் அப்படிப் பிரிக்கப்பட்டவைதான். படச்சுருளில் மட்டுமே அவை மிஞ்சியிருக்கின்றன.

அவருடைய வாழ்க்கையிலிருந்து நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு. பெயர் வெளியே தெரிகிற வேலைகளையே எல்லோரும் விரும்பும் காலம் இது. உலகில் பெரும்பாலான வேலைகள் அப்படிப்பட்டவை அல்ல. நன்றாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், தவறினால் மட்டுமே கவனிப்பார்கள். கொத்தனாரின் வேலை அப்படி. வீட்டைக் கட்டிக் காக்கும் தாயின் வேலை அப்படி. அதற்காக அவர்கள் அரைகுறையாகச் செய்வதில்லை. பன்சி சந்திரகுப்தாவும் அப்படியே செய்தார். கேமராவில் விழுமா என்று தெரியாத மூலையிலும் அந்த வீட்டில் வாழ்பவருக்கு உரிய உண்மை இருக்க வேண்டும் என்று உழைத்தார்.

'சத்ரஞ்ச் கே கிலாடி' இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பிள்ளைகளுடன் உட்கார்ந்து பார்க்கும்போது தொடக்கத்தில் ஓடும் பெயர்களை வேகமாகத் தள்ளிவிடாதீர்கள். சில விநாடிகளே வந்துபோகும் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, பிறகு சதுரங்கம் ஆடுபவர்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள்.